டப்ஸ்டெப் பாதி, ஹிப் ஹாப் பாதி: ஒரு அண்டர்கிரவுண்ட் புரொட்யூசரின் இசையைக் கேட்பதும் செய்வதும்

ஒரு அண்டர்கிரவுண்ட் எலக்ட்ரானிக் புரொட்யூசரின் வெளியீட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு வருடம் இரண்டே ட்ராக் கொண்ட டப்ஸ்டெப் சிங்கிள். அடுத்த வருடம் 20 ட்ராக் கொண்ட பீட் டேப், அதாவது ராப் குரல் இல்லாத தாளத் துண்டுகளின் தொகுப்பு. அதில் எதுவும் 2 நிமிடத்தைத் தாண்டாது. நடுவே ஒரு ரீமிக்ஸ், ஒரு விஐபி (தன் ட்ராக்கைத் தானே மாற்றிச் செய்தது), யாரோ ஒரு ராப்பருக்குக் கொடுத்த இன்ஸ்ட்ருமென்டல். சினிமாப் பாட்டு கேட்டே வளர்ந்த காதுக்கு இதெல்லாம் ஒரே ஆள் செய்த வேலை என்றே தோன்றாது. ஆனால் உள்ளே இறங்கிப் பார்த்தால் இரண்டுக்கும் தாளக் கணக்கு ஒன்று. ஸ்னேர், அதாவது சுள்ளென்று ஒலிக்கும் டிரம், விழுகிற இடம்கூட ஒன்று. அது பிடிபட்டுவிட்டால் இந்த இசையைக் கேட்பதும் சுலபம், மதுரையில் ஒரு மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செய்து பார்ப்பதும் சுலபம்.

இங்கே புரொட்யூசர் என்பவர் பணம் போடுகிறவர் அல்ல. தாளம், பேஸ் (கனத்த கீழ் ஒலி), மெலடி, மிக்ஸ் அத்தனையையும் ஒரே ஆளாக உட்கார்ந்து முடிக்கிறவர். அண்டர்கிரவுண்ட் என்றால் பெரிய கம்பெனி பின்னால் இல்லை. சிறிய லேபிளோ, சொந்த வெளியீடோதான்.

இரண்டும் எங்கிருந்து வந்தன

டப்ஸ்டெப் உருவானது தெற்கு லண்டனின் கிராய்டன் பகுதியில், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அங்கே பிக் ஆப்பிள் என்றொரு இசைத்தட்டுக் கடை. அதைச் சுற்றித்தான் ஹேச்சா, ஸ்க்ரீம், பெங்கா போன்ற டிஜேக்களும் புரொட்யூசர்களும் திரண்டார்கள். அப்போது லண்டனில் ஓடிக்கொண்டிருந்த கராஜ் என்ற நடன இசையிலிருந்து பாடகர் குரலையும் பளபளப்பையும் கழற்றி, ஜமைக்காவின் டப் இசையிலிருந்து கனத்த பேஸையும் எதிரொலியையும் எடுத்துச் சேர்த்தார்கள். மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் 2005-இல் பிரிக்ஸ்டனில் டிஎம்ஸெட் என்ற இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். 2006 ஜனவரியில் வானொலித் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1-இல் இந்தக் கூட்டத்தை மொத்தமாக அழைத்து ஒலிபரப்பிய பிறகுதான் லண்டனுக்கு வெளியே பலருக்கும் இது தெரியவந்தது.

ஹிப் ஹாப் இன்னும் மூத்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் என்ற டிஜே இசை போட்ட விருந்தைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பாட்டின் நடுவே டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளை இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு நீட்டினார்கள். பிறகு ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் சாம்பிளர் கருவி வந்தது; நீட்டுகிற வேலை அதற்குப் போனது. 1987-இல் வந்த எஸ்பி-1200 கருவியின் மொத்த நினைவகமே சுமார் 10 நொடிதான். அந்த இடத்தை மிச்சம் பிடிக்க, 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்து, கருவிக்குள் மறுபடி வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் 1.35 மடங்கு, சுருதியில் ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று மேல். அப்படிக் கீழே இறக்கும்போது 12-பிட் கருவியின் சொரசொரப்பு ஒலியில் ஏறிவிடும். இன்று பழைய பீட்டுகளில் நாம் ரசிக்கிற அந்த மங்கலான, மணல் கலந்த ஒலி, இடப் பற்றாக்குறையால் வந்தது.

ராப்பர் இல்லாமலே பீட்டை மட்டும் தனி இசையாகக் கேட்கிற பழக்கத்தை நிலைநிறுத்தியவர்களில் டெட்ராய்ட்டின் ஜே டில்லா முக்கியமானவர். 2006 பிப்ரவரியில், அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வந்த டோனட்ஸ் ஆல்பத்தில் 31 ட்ராக். மொத்தமே முக்கால் மணி நேரத்துக்குள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் லோ எண்ட் தியரி என்ற வாராந்தர இரவு தொடங்கி 2018 வரை நடந்தது. அங்கே ஹிப் ஹாப் பீட்டுகள், டப்ஸ்டெப் மாதிரியே பெரிய சப்-ஊஃபர்களில் ஒலித்தன. இரண்டு ஆறும் ஒன்றாகக் கலந்த இடங்களில் அது ஒன்று.

70, 140, நடுவே 93.3

டப்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்கு 140 அடி, அதாவது 140 பிபிஎம். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். எண்ணில் பார்த்தால் வேகமான இசை. கேட்டால் மெதுவாக நடப்பது போல இருக்கும். காரணம் ஸ்னேர். நான்கு அடிகள் கொண்ட ஒரு பாரில் கிக் என்ற கனத்த டிரம் முதல் அடியில், ஸ்னேர் மூன்றாம் அடியில். சாதாரண நடன இசையில் ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழும். இங்கே பாருக்கு ஒன்றே ஒன்று.

கணக்கைப் போடுங்கள். 140-இல் ஒரு அடி 0.43 நொடி. மூன்றாம் அடி விழுவது 0.86-ஆவது நொடியில். இப்போது வேகத்தை 70 என்று வைத்து, ஹிப் ஹாப் முறைப்படி ஸ்னேரை இரண்டாம் அடியில் வையுங்கள். 70-இல் ஒரு அடி 0.86 நொடி. ஸ்னேர் அதே இடத்தில்தான் விழுகிறது. 140-இன் இரண்டு பார் சேர்ந்தால் 70-இன் ஒரு பார். டப்ஸ்டெப்பின் மூன்றாம் அடியும், மெதுவான ஹிப் ஹாப்பின் இரண்டு, நான்காம் அடிகளும் ஒன்றேதான்.

மதுரைப் பக்கம் கச்சேரி கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. தவில்காரர் ஒரே சொற்கட்டை முதல் காலத்தில் வாசித்துவிட்டு இரண்டாம் காலத்துக்குப் போகும்போது தாளம் போடுகிறவர் கை மாறாது. சொற்கள் மட்டும் இரட்டிப்பாகும். ஸ்னேர்தான் தாளம் போடும் கை. ஹை-ஹாட்டும் (சின்னத் தாளத் தட்டு) ரிம்ஷாட்டும் (டிரம்மின் விளிம்பில் விழும் அடி) பேஸும் எந்தக் காலத்தில் ஓடுகின்றன என்பதை வைத்தே அது டப்ஸ்டெப்பா ஹிப் ஹாப்பா என்று காது முடிவு செய்கிறது.

கையால் செய்து பார்த்தால் உடனே புரியும். இசை செய்யும் மென்பொருள் எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர், இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் எதுவானாலும் சரி. போனில் கோவாலா சாம்பிளர் இருந்தாலும் போதும். வேகத்தை 140-இல் வைத்து இரண்டு பார், அதாவது 32 கட்டம் திறந்துகொள்ளுங்கள். கிக்கை 1-ஆம் கட்டத்திலும் 17-ஆம் கட்டத்திலும், ஸ்னேரை 9-இலும் 25-இலும் வையுங்கள். இதுவரை இது இரண்டுமே இல்லை. இனி ஹை-ஹாட்டை 1, 5, 9, 13 என்று நாலு கட்டத்துக்கு ஒன்றாக 29 வரை வைத்தால் தலை தானாக ஆடும். ஹிப் ஹாப் வந்துவிட்டது. அதை அழித்துவிட்டு 3, 7, 11, 15 என்று இடைவெளிகளில் மட்டும் வைத்து, 12-இலும் 15-இலும் மெல்லிய ரிம்ஷாட் ஒன்று, 23-இல் கூடுதலாக ஒரு கிக் சேர்த்தால் தரை நகர்வது போல இருக்கும். அது டப்ஸ்டெப் பக்கம். கிக்கும் ஸ்னேரும் ஓரடிகூட நகரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஆரம்பக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது ஸ்விங்கில். ஹிப் ஹாப்பின் அசைவே அதில்தான் இருக்கிறது: இரண்டு இரண்டாக வரும் அடிகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக்குவது. 50 சதவீதம் என்றால் நேர் அடி. 70 பிபிஎம்மில் 58 சதவீதம் வைத்தால் இரண்டாவது அடி 34 மில்லி நொடி தள்ளி விழும். 66-ஐத் தொட்டால் தகிட என்பதில் நடு எழுத்தை விட்டுவிட்டு முதலும் கடைசியும் வாசித்தது போல ஆகிவிடும். 54-இலிருந்து 62-க்குள் தேடினால் பெரும்பாலான பீட்டுக்குச் சரியான இடம் கிடைக்கும். ஆனால் உங்கள் சாஃப்ட்வேர் 140-இல் ஓடுகிறது. ஸ்விங் பட்டன் வழக்கமாகப் பதினாறில் ஒரு பங்கு கட்டத்தைத்தான் நகர்த்தும். உங்கள் ஹை-ஹாட் நிற்பதோ ஒற்றைப்படைக் கட்டங்களில். பட்டனை முழுதாகத் திருப்பினாலும் ஹை-ஹாட் அசையாது. ஸ்விங் அளவை எட்டில் ஒரு பங்குக்கு மாற்ற வேண்டும் (அப்போது 3, 7, 11, 15 போன்ற கட்டங்களில் உள்ள அடிகள் அசையும்), அல்லது திட்டத்தின் வேகத்தையே 70-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

டில்லாவின் பீட்டுகளில் இது இன்னும் நுட்பமானது. அவர் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தள்ளவில்லை. கிக்குக்கு ஒரு தாமதம், ஹை-ஹாட்டுக்கு இன்னொன்று, ஸ்னேர் சற்று முந்தி. அதை முயல்வதானால் ஸ்னேரை 10 மில்லி நொடி முன்னே இழுத்து, ஹை-ஹாட்டை நேராக விட்டு, கிக்கை மட்டும் 15 மில்லி நொடி பின்னே தள்ளிப் பாருங்கள். 30-ஐத் தாண்டினால் தளர்வு போய்த் தடுமாற்றம் வந்துவிடும்.

ஒரு கேள்வி எழும். பழைய ஹிப் ஹாப் பலதும் 70-இல் இல்லையே, 85-இலிருந்து 95 வரைதானே? ஆமாம். அதற்கும் 140-க்குள்ளேயே வழி இருக்கிறது. 140-இன் அரை அடிகளை இரண்டிரண்டாக எண்ணாமல் தகிட, தகிட என்று மூன்று மூன்றாகக் கட்டுங்கள். ஒவ்வொரு தகிடவுக்கும் ஒரு அடி தட்டினால் நிமிடத்துக்கு 93.3 அடி வரும். பழைய ஹிப் ஹாப்பின் நடை வேகம் அது. நல்ல டிஜே 140-இல் ஓடும் டப்ஸ்டெப்பிலிருந்து 93-இல் ஓடும் ராப்புக்கு யாருக்கும் தெரியாமல் தாவுவது இந்தப் படிக்கட்டு வழியாகத்தான். தப்பு, உறுமி, நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் திஸ்ரம் ரத்தத்தில் இருக்கிறது. லண்டன்காரர் எண்ணிப் பழக வேண்டியதை இங்கே ஒரு கொடை விழாவில் சின்னப் பிள்ளைகள் காலால் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 140-இல் திஸ்ர அடிகளை அடுக்கி, ஸ்னேரை மட்டும் மூன்றாம் அடியில் அசையாமல் நிறுத்துங்கள். அந்த இழுபறி இருக்கிறதே, அதைத் தேடித்தான் இந்த இசைக்கே வருகிறோம்.

பேஸ்: காதுக்குப் பாதி, நெஞ்சுக்குப் பாதி

டப்ஸ்டெப்பின் பேஸில் இரண்டு அடுக்கு. கீழே சப்: சுத்தமான சைன் அலை, 40-இலிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை. மேலே நடு பேஸ்: கரகரப்பு, உறுமல், வாபிள் எல்லாம் இதில். இரண்டையும் ஒரே சின்தசைசரில் ஒரே ஒலியாகச் செய்வதுதான் தொடக்கத்தில் நடக்கும் பெரிய தவறு.

வாபிள் என்பது ஃபில்டரின் கட்ஆஃப் புள்ளியை (எந்த ஒலிக்கு மேல் வெட்டுவது என்ற எல்லையை) எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை மேலும் கீழும் இழுப்பது. வைட்டல் என்ற இலவச சின்தசைசரில் சா அலை (ரம்பப்பல் வடிவ அலை) ஒன்றை எடுத்து, மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை 150 ஹெர்ட்ஸில் வைத்து, எல்எஃப்ஓ அதை ஆயிரத்து சொச்சம் வரை தூக்குமாறு இணையுங்கள். வேகத்தைத் தாளத்தோடு பூட்டுங்கள். 140-இல் கால் பங்கு என்றால் நொடிக்கு 2.3 அசைவு, எட்டில் ஒரு பங்கு 4.7, எட்டின் திஸ்ரம் சரியாக 7. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாருக்குப் பார் இந்த மூன்றையும் மாற்றினாலே ஒரு வாக்கியம் பேசுவது போல இருக்கும். எல்எஃப்ஓவில் ரீட்ரிகர் (ஒவ்வொரு சுரத்திலும் அலையை முதலிலிருந்து தொடங்கவைப்பது) போட மறக்காதீர்கள். போடாவிட்டால் ஒவ்வொரு சுரமும் அலையின் வெவ்வேறு இடத்தில் தொடங்கும்; ஒரு முறை நன்றாக வந்தது அடுத்த முறை வராது, ஏன் என்றும் புரியாது.

இந்த ஃபில்டர் சப்பைத் தொடக்கூடாது. தொட்டால் கீழ் ஒலியும் சேர்ந்து ஏறி இறங்கி, பெரிய ஸ்பீக்கரில் பேஸ் வந்து வந்து போகும். வாபிள் அடுக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அதே சுரங்களைத் தனி ட்ராக்கில் சைன் அலையாக, மோனோவில், அசைவே இல்லாமல் வையுங்கள். ஸ்டீரியோவில் வைத்தால் இடமும் வலமும் ஒன்றையொன்று தின்றுவிடும். இசைத்தட்டில் வெட்டும்போது ஊசியும் குதிக்கும்.

எந்தச் சுரம்? மிகத் தாழ்ந்த எஃப் சுரம் 43.65 ஹெர்ட்ஸ், ஜி 49, ஏ 55. பல ஸ்பீக்கர்கள் 40-க்குக் கீழே ஓய்ந்துவிடும். 60-க்கு மேலே போனால் கனம் குறையும். அதனால்தான் எஃப்-ஐ ஒட்டிய சுருதிகளில் இவ்வளவு டப்ஸ்டெப். கிக்கின் அடிநாதமும் 50, 60 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சேறு. சைட்செயின் கம்ப்ரஷன் போட்டு, கிக் விழும்போது சப் 3-இலிருந்து 6 டெசிபல் வரை இறங்கி, 100 மில்லி நொடிக்குள் திரும்பி வரும்படி செய்தால் போதும். அதற்கு மேல் இறக்கினால் வேறு வகை நடன இசையின் மூச்சு வாங்கும் ஒலி வந்துவிடும்.

போனில் கேட்டால் பேஸே வரவில்லை என்பது எல்லோருடைய புகாரும். போன் ஸ்பீக்கரால் 43 ஹெர்ட்ஸை அசைக்கவே முடியாது. ஆனால் அந்தச் சுரத்தின் மடங்குகளான 131, 175, 218 ஹெர்ட்ஸ் ஒலிகள் கொஞ்சம் இருந்தால், இல்லாத அடிநாதத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். சப்பைப் பிரதி எடுத்து, மடங்கு ஒலிகளைக் கூட்டும் சாச்சுரேஷன் போட்டு, 100-க்குக் கீழே வெட்டி, மெல்லிதாக அசலோடு கலந்துவிடுங்கள்.

நம் ஊர்க் குழாய் ஸ்பீக்கரும் இதே கதைதான். அது பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. ஆனால் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகும் சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் 18 அங்குல சப்-ஊஃபர் இருக்கும். லண்டனில் கிளப்பில் நின்று கேட்பதற்கு இணையான அனுபவம் இங்கே அந்தப் பெட்டிகளின் முன்னால்தான். மாலையில் பெட்டி கட்டி முடித்து மைக் சோதிக்கிற நேரம் பார்த்து, ஒரு அண்ணனிடம் தன்மையாகக் கேட்டால் உங்கள் ட்ராக்கை ஒரு நிமிடம் ஓடவிடுவார். பென்டிரைவில் வேவ் கோப்பும் எம்பி3-யும் இரண்டும் வைத்திருங்கள். சில மிக்சர்கள் எம்பி3 மட்டுமே படிக்கும். இரவு 10-லிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்பதால் அவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்.

அறை செய்யும் சதி

ஒட்டிய கான்கிரீட் வீட்டில் 10-க்கு 12 அடி அறை என்பது சாதாரணம். சிக்கல் அந்த அளவிலேயே இருக்கிறது. 12 அடி நீளத்தில் ஒலி முன்னும் பின்னும் மோதி நிற்கும் அலை 47 ஹெர்ட்ஸை ஒட்டி உருவாகும். 10 அடி அகலத்தில் 56. உங்கள் சப் சுரங்கள் குடியிருக்கும் அதே தெரு. இந்த அலைகள் சுவர் ஓரத்தில் வீங்கும், அறையின் நட்ட நடுவில் மறைந்துபோகும். நடுவில் மேசை போட்டு உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவர், பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். வெளியே கொண்டுபோனால் ஜன்னல் அதிரும்.

மேசையை நீளவாக்கில் குட்டைச் சுவரைப் பார்த்துப் போட்டு, உங்கள் காது அந்தச் சுவரிலிருந்து நாலரை அடி தூரத்தில் இருக்குமாறு உட்காருங்கள். முற்றும் தீராது, ஆனால் நடுப்புள்ளியைத் தவிர்க்கும். மெத்தையும் கம்பளமும் சுவரில் மாட்டினால் மேல் ஒலி மட்டுமே அடங்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், அதை ஒரு மெத்தை என்ன செய்துவிடும்? சப்பின் அளவை மட்டும் மூடிய வகை ஹெட்போனில் முடிவு செய்யுங்கள். 40-இலிருந்து 80 வரை மெதுவாக ஏறும் சைன் அலையை ஓடவிட்டு, எந்த எண்ணில் வீங்குகிறது, எதில் காணாமல் போகிறது என்று ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டிவைத்தால் பிறகு அந்த அறையை நம்பலாம்.

மதுரை ஒலிகளைச் சாம்பிள் ஆக்குவது

தப்பு, உறுமி, தவில் மூன்றும் இந்த இசைக்கென்றே செய்தது போலப் பொருந்தும். ஆனால் பதிவு செய்வதில் பக்குவம் வேண்டும். தப்பைத் தீயில் காய்ச்சியவுடன் தோல் இறுகி ஒலி கூர்மையாக இருக்கும். ஆற ஆறச் சுருதி இறங்கும். அதனால் காய்ச்சிய சில நிமிடங்களுக்குள் தேவையான தனி அடிகளை முதலில் பதியுங்கள், நடைகளைப் பிறகு. ஒவ்வொரு அடியையும் மெல்ல, நடுத்தரம், பலம் என மூன்று அளவில், அளவுக்கு நாலைந்து முறை வாங்குங்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரம் சுடுவது போலாகிவிடும். நாலைந்தை மாற்றி மாற்றிப் போட்டால் கை தெரியும். மைக்கை மூன்றடி தள்ளி, சற்றுச் சாய்வாக. நேர் முன்னால் வைத்தால் உச்சம் வெட்டுப்படும். பதிவு அளவு உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும், சித்திரை வெயிலானாலும்.

தப்பின் அடிக்குச்சி ஒலியை எடுத்து ஸ்னேருக்கு அடியில் ஒட்டினால் உடனே ஊர் வந்துவிடும். இரண்டும் சேரும்போது ஒலி மெலிந்தால் ஒன்றின் அலையைத் தலைகீழாக்குங்கள், அல்லது ஓரிரு மில்லி நொடி நகர்த்துங்கள்.

உறுமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுக்கும்போது அது ஏறி இறங்கிப் புலம்பும். டப்ஸ்டெப் பேஸில் கிளைடு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவது) போட்டுக் கொண்டுவரப் பார்க்கும் குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. பதிந்த இழுப்பை 12 அரைச்சுரம் கீழே இறக்கி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அடியில் சைன் சப்பைப் போட்டு, உறுமி சறுக்கும் இடத்தில் சப்பின் சுரத்தையும் 60-இலிருந்து 150 மில்லி நொடி கிளைடில் சறுக்கவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கும்போது எந்தச் செயற்கை வாபிளும் இதன் பக்கத்தில் நிற்காது.

பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு நொடி எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். வெளியிடாமல் பழகுவதற்கு எடுத்துப் பாருங்கள். 90-இல் ஓடும் பாட்டை இசைத்தட்டு போல வேகம் குறைத்து 70-க்குக் கொண்டுவந்தால் சுருதி நாலு அரைச்சுரத்துக்குச் சற்று மேலாக இறங்கும். குரல் கனத்து, வயலின் செல்லோ போல ஆகும். அழகான வேலை அது. வெளியிடுவது வேறு விஷயம். ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமை இருக்கிறது: ஒலிப்பதிவின் உரிமை, இசையமைப்பின் உரிமை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. இசையமைப்புக்கு, இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-இல் மறைந்தார். 1960-இல் வந்த பாட்டாக இருந்தாலும் அவருடைய மெட்டு 2075 முடியும் வரை பதிப்புரிமையில் இருக்கும். இரண்டு நொடிதானே என்ற விலக்கு எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

தப்புக் கலைஞருக்கும் உரிமை உண்டு. நிகழ்த்தியவர் உரிமை 50 ஆண்டு. பதிவுக்கு முன்பே ஒரு தாளில், எதற்குப் பயன்படும், எவ்வளவு பணம், பெயர் எப்படி வரும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு நாள் கச்சேரிக்கு அவர் வாங்கும் தொகைக்குக் குறையாமல் கொடுங்கள். நாட்டுப்புற ஒலிதானே, யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துப் பெயர்கூடப் போடாமல் விடுவது திருட்டு.

வெளியீட்டுப் பட்டியலைப் படிப்பது

டப்ஸ்டெப் வெளியீட்டின் இயல்பான வடிவம் 12 அங்குல இசைத்தட்டு: பக்கத்துக்கு ஒரு ட்ராக், ஒவ்வொன்றும் 4-இலிருந்து 6 நிமிடம். முதல் 32 பார், அதாவது 55 நொடி, வெறும் தாளமாகவே போகும். அந்த இடம் டிஜே முந்தைய ட்ராக்கோடு கலப்பதற்கு. பேஸ் விழும் கட்டத்துக்கு டிராப் என்று பெயர். பொறுமையில்லாமல் முதல் நிமிடத்தைத் தாண்டிவிட்டால் டிராப்பின் கனமே தெரியாது. டப்பிளேட் என்பது வெளியாவதற்கு முன் டிஜேக்காக ஒற்றைப் பிரதியாக வெட்டும் தட்டு. தெற்கு லண்டன்காரர்கள் ஃபாரஸ்ட் ஹில்லில் உள்ள டிரான்சிஷன் ஸ்டூடியோவில் வெட்டிக்கொண்டார்கள். சில டஜன் முறை ஓடினால் தேய்ந்துவிடும். விஐபி என்றால் புரொட்யூசர் தன் ட்ராக்கைத் தானே மாற்றிச் செய்தது. பூட்லெக் என்றால் அனுமதி வாங்காத ரீமிக்ஸ்.

பீட் டேப்பின் பிறப்பு வேறு. ராப்பர்களிடம் தேர்ந்தெடுக்கக் கொடுத்த மாதிரி கேசட்டிலிருந்து வந்தது அது. அதனால்தான் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். அறிமுகமும் இல்லை, டிராப்பும் இல்லை, நேராக லூப்பில் இறங்கும். இதை 6 நிமிட டப்ஸ்டெப் கேட்கிற மாதிரி கேட்டால் அரைகுறையாகத் தோன்றும். ஒரே மூச்சில் முழு டேப்பையும் ஓடவிட வேண்டும்.

ஒரே புரொட்யூசரின் இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது ஸ்னேரைத் தேடுங்கள். பலர் தங்களுக்குப் பிடித்த ஒரு ஸ்னேரை வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். சிங்கிளில் வந்தது இரண்டு அரைச்சுரம் இறங்கி டேப்பில் வரும். பேஸ் சறுக்கும் விதமும் அப்படியே. பெயர் மாற்றி வேறு லேபிளில் வெளியிட்டாலும் இந்த இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்தமாக வெளியிடுவதானால் 24-பிட் வேவ் கோப்பு, உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை அதன் வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அங்கே சத்தமாகக் காட்ட, உச்சங்களை அடக்கும் லிமிட்டரைக் கொண்டு நசுக்கினால் சத்தம் கூடாது, கிக்கின் குத்து மட்டும் போகும். ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் தேவை; விநியோக நிறுவனமே பெரும்பாலும் கொடுத்துவிடும். பேண்ட்கேம்பில் நேராக விற்றால் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்குப் போகும், அதோடு பணப்பரிமாற்றக் கட்டணமும் தனி.

கோப்பின் பெயரில் பிபிஎம் எழுதும்போது டப்ஸ்டெப்புக்கு 140 என்றும், பீட்டை ராப்பருக்கு அனுப்பும்போது 70 என்றும் எழுதுங்கள். ராப்பர் 140 என்று பார்த்தால் மெட்ரோனோமை இரட்டை வேகத்தில் போட்டு எழுத ஆரம்பித்துவிடுவார். டிஜே மென்பொருள்கள் 140-ஐ 70 என்றும் 70-ஐ 140 என்றும் தாமாகவே தவறாகப் படிப்பது வழக்கம். அனுப்பும் முன் டேக்கில் (கோப்போடு வரும் விவரக் குறிப்பில்) எண்ணைக் கையால் பதிந்துவிடுங்கள். ராப்பருக்கு ஸ்டீரியோ கோப்பு ஒன்றோடு டிரம், பேஸ், மெலடி மூன்றையும் தனித்தனிக் கோப்பாக, எல்லாமே முதல் பாரின் முதல் அடியிலிருந்து தொடங்குமாறு ஏற்றுமதி செய்து கொடுத்தால், அவர் பக்கத்துப் பொறியாளர் மறுபடி உங்களுக்குப் போன் போட வேண்டியிருக்காது.